உதாரணத்துக்கு ஓர் இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அங்கே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர். அவர் வேலை முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது, கிழிந்த பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து உள்ளங்கை அளவுப் புத்தகம் ஒன்று தட்டுப்பட்டது. யார் துணையும் இல்லாமல் ஆங்கிலம் பேசலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்த யாரோ விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

திறந்த பக்கத்தில் ‘சேர்த்தல்’ என்று ஓர் அத்தியாயம். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க, நடுவில் செருக, கூட இணைக்க ஆங்கிலத்தில் என்னென்ன சொல் உண்டோ அத்தனையும் வரிசையாக வந்தன. ஆட், இன்சர்ட், அட்டாச், இன்க்ளூட். ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள், கூடவே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். ‘தேநீரில் சர்க்கரை சேர்.’ ‘அட்டையை இயந்திரத்தில் செருகு.’ இதுவரை சரி. பக்கத்தைத் திருப்பினால் போக்கே மாறிவிட்டது. ‘இந்தச் சோபாவில் இன்னும் ஒருவர் நெருக்கி உட்காரலாம்.’ ‘என்னையும் சேர்த்து எத்தனை பேர்?’ ‘என் கட்டில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.’

எனக்குப் பகீரென்றது. யாரம்மா நீ? இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் யாரிடம் என்ன கேட்கிறாய்?

புத்தகத்தில் எழுதியவர் பெயர் இல்லை. அதனால் இனி வருவது எல்லாம் நான் இட்டுக்கட்டியது. உண்மையா என்று கேட்டுக்கொண்டு யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம்.

2

தொடக்கம் ஒன்று எழுதினேன்.

“விடியற்காலைப் பனி ஜன்னல் கம்பிகளில் முத்து முத்தாக—”

வேண்டாம். பனிக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

“தனிமை என்பது அவளுக்கு ஒரு—”

இதுவும் வேண்டாம். காலையில் குளியலறைக்கு வரிசையில் நிற்கிறவளுக்கு என்ன தனிமை வேண்டிக்கிடக்கிறது?

“உதாரணத்துக்கு அன்று வேலையே ஓடவில்லை.”

இது தேவலை. உதாரணம் என்பது அவளுக்கு வைத்த பட்டப்பெயர். சைக்கிள் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் ஒரு சின்னப் பதிப்பகம். பையில் அடங்கும் ஆங்கிலப் புத்தகங்கள்தான் அவர்கள் தொழில். சொற்களை முதலாளி எங்கிருந்தோ பொறுக்கிக்கொண்டு வருவார். எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவது முழுக்க அவள் பொறுப்பு. “உதாரணம் என்னாச்சு? உதாரணம் என்னாச்சு?” என்று அவர் கத்திக் கத்தி, கடைசியில் அதுவே அவள் பெயராக ஒட்டிக்கொண்டது. கீழே டயருக்குக் காற்றடிக்கிறவர்கூட, “என்ன உதாரணம், டீ வேணுமா?” என்றுதான் கேட்பார்.

3

அவள் வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடக்கும் கூத்து விளங்காது.

உதாரணம் எந்த வாக்கியத்தையும் எடுத்தவுடன் ஆங்கிலத்தில் எழுதமாட்டாள். முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். அதுவும் சுவரைப் பார்த்து அல்ல, வீட்டில் யாரிடமாவது, நிஜமாகப் பேசுவதுபோலவே. கேட்டவர் தயங்காமல் பதில் சொன்னால் வாக்கியம் பாஸ். திருதிருவென்று விழித்தால் அது குப்பைக்கூடைக்கு.

அவளோடு வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர். தங்கை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக், அவரை மாப்பிள்ளை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அவர்களுக்கு ஒரு பெண், வாண்டு. இந்த மூவரும் வருஷக்கணக்காக உதாரணத்தின் வாக்கியங்களுக்கு நடுவே குடித்தனம் நடத்தி நன்றாகப் பழகிப்போனவர்கள். ‘திட்டுதல்’ அத்தியாயம் எழுதிய நாட்களில் அவள் தங்கையை வாய்க்கு வந்தபடி ஏசினாள். தங்கை காய் நறுக்கிக்கொண்டே, “இன்னும் கொஞ்சம் காரமா போடுக்கா, இது உப்புசப்பில்லாம இருக்கு” என்றாள். (அந்த அத்தியாயத்தில் சில வாக்கியங்கள் மனமாரத் திட்டியவை. அது உதாரணத்துக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.) ‘நோய்’ அத்தியாயத்தின்போது, “மாப்ள, எனக்குத் தலை சுத்துது” என்றாள். “நல்லா இருக்குக்கா, எழுதிக்கோங்க” என்றார் மாப்பிள்ளை. அன்று நிஜமாகவே சுற்றியது. அவள் அடுப்பங்கரையில் சாய்ந்தபோது வாண்டு கைதட்டியது.

தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை. போகிற போக்கில் கொசுறாக ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டுப் போவாள், அக்கா எழுதிக்கொள்ளட்டும் என்று. பாதி புத்தகம் அப்படி நிரம்பியதுதான்.

* கொசுறு போடுவதற்கு ஆங்கிலத்தில் ‘த்ரோ இன்’ என்கிறார்கள். தூக்கி உள்ளே எறிவது. கொசுறைத் தூக்கி எறிகிற கடைக்காரரை நான் கண்டதில்லை. நம் ஆட்கள் அதை மனசில்லாமல் மெதுவாகத்தான் வைப்பார்கள்.

4

இப்போது சிக்கலைக் கொண்டுவருகிறேன்.

குடும்பம் வீடு மாறப் போகிறது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தங்கையும் மாப்பிள்ளையும் கடன் போட்டு வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு. ஒருநாள் உதாரணம் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே மாப்பிள்ளை போனில் யாரிடமோ, “ஆமா சார், ரெண்டு ரூம்தான். மூணு பேருக்குத் தாராளம்” என்றார்.

வீட்டில் இருப்பது நான்கு பேர். மூன்று பேருக்குத் தாராளம் என்றால் மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஈரத்துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

நேரே போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அவளிடம் அதைத்தான் சொன்னேன். கேட்கவில்லை. ரோஷக்காரி. கேட்டு வாங்கிய சோறு தொண்டையில் இறங்காது என்பது அவள் கட்சி. ஆனால் கேட்காமலும் அவளால் இருக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி ‘சேர்த்தல்’ அத்தியாயத்தைத் தலையில் கட்டினார். உதாரணம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“மாப்ள, இந்த சோபாவுல இன்னும் ஒரு ஆள் நெருக்கி உக்காரலாம்ல?”

மாப்பிள்ளை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஸ்குவீஸ் இன். சூப்பர்க்கா. எங்க லிஃப்ட்லயும் இதே கதைதான். எட்டு பேர்னு எழுதியிருக்கும். ஒன்பதாவது ஆள் வயித்தை எக்கிக்கிட்டு ஏறுவான்.”

“ஏறினா?”

“பீப்னு கத்தும். கடைசியா ஏறினவன் இறங்கணும்.”

அன்று உதாரணம் தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். பசியில்லையா என்று தங்கை கேட்டாள். அதை மட்டும் யாரும் உதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சமையலறையில் தங்கையைப் பிடித்தாள்.

“என்னையும் சேர்த்து எத்தனை பேர்?”

“இன்க்ளூடிங் மீ! நல்லா இருக்குக்கா. இயல்பா இருக்கு.”

“பதில் சொல்லேன்டி.”

“பதிலும் புத்தகத்துல வருமா?”

“வரும், வரும்.”

“அப்போ நாலுன்னு போட்டுக்கோ.” உதாரணத்தின் முகம் மலர்வதற்குள் தங்கை மனசை மாற்றிக்கொண்டாள். “இல்ல, அஞ்சுன்னு போடு. கேக்க நல்லா இருக்கும்.”

5

இதுவரை எழுதியதை வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு காதல் இல்லையே.”

“எதுக்குங்க காதல்?”

“நடுவுல ஒண்ணைச் சொருகு. நாங்க கிளினிக்ல தினம் பண்றதுதானே? பல்வலின்னு ஒருத்தர் துடிச்சுக்கிட்டு வந்தா, ரெண்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு நடுவுல ஃபிட் இன் பண்ணிடுவோம்.”

“இங்க யாருக்குப் பல்வலி?”

“படிக்கிறவங்களுக்கு” என்றார்.

சரி, மனுஷன் ஆசைப்படுகிறார் என்று ஒருவரைச் செருகினேன். பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவர், பக்கத்து மேசைக்காரர். விட்டுப்போன சொல்லுக்கு வரியின் நடுவே குட்டிக் கூரைபோல ஒரு குறி போட்டு, அதற்கு மேலே சொல்லை எழுதுகிறவர். ஒருநாள் மதியம், மின்விசிறிக்குக் காகிதங்கள் படபடக்க, அவர் உதாரணத்தின் அருகே வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, “உங்க வாழ்க்கையில ஒரு இடம் விட்டுப்போயிருக்கு. அதுல நான்—”

ஐயோ, வேண்டாம் சாமி. எனக்கே கூசுகிறது. பழைய ஏடுகளில் யாரோ பின்னால் புகுத்திய பாட்டுக்கு இடைச்செருகல் என்று பெயர் வைத்து, நம் புலவர்கள் அதைப் பிடுங்கி எறிவதற்கு ஆயுளையே செலவழித்திருக்கிறார்கள். நானே என் கதையில் ஒன்றைச் செருகினால் அவர்கள் சாபம் சும்மா விடுமா? பிழை திருத்துகிறவரை நீக்கிவிட்டேன். பாவம், நல்ல மனுஷர்தான். போகிற அவசரத்தில் பேனாவை அவள் மேசையில் விட்டுவிட்டார். நானும் அதை எடுக்க மறந்துவிட்டேன். இனி உதாரணம் எழுதுவதெல்லாம் அந்தப் பேனாவில்தான்.

6

அத்தியாயத்தை முதலாளி வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் புருவம் மேலே ஏறியது.

“என்ன உதாரணம் இது? எல்லா வாக்கியத்துலயும் யாரோ இடம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. படிக்கிறவன் இங்கிலீஷ் கத்துக்கணுமா, உக்காந்து அழணுமா?”

“ரெண்டும் கத்துக்கட்டும் சார்.”

“வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்றாள். முதலாளி அரைமனதாகத் தலையாட்டிவிட்டு, ‘புட் இன்’னுக்கு இன்னும் ஒரு வாக்கியம் குறைகிறது என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை தங்கை துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து வாசற்கதவில் சாய்ந்து நின்றாள்.

“அக்கா, உன் கட்டிலை ஜன்னல் பக்கம் போடவா, சுவர் பக்கம் போடவா?”

உதாரணம் சட்டென்று பேனாவை எடுத்தாள். “அடி சக்கை! ‘புட் இன்’னுக்கு ஒண்ணு குறைஞ்சுதேன்னு பாத்தேன். நீயே கொடுத்துட்ட.”

“சொல்லுக்கா. எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கத்தையும் எழுதிக்கிறேன். படிக்கிறவங்களுக்கு உதவும்.”

தங்கை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குக்கர் விசில் அடித்தது, போய்விட்டாள்.

இங்கே வாசகர்கள் என்னைப் பிடித்து உலுக்குவீர்கள் என்று தெரியும். தங்கை நிஜமாகத்தானே கேட்டாள், இந்த மரமண்டைக்கு ஏன் விளங்கவில்லை என்று. எனக்கும் ஆற்றாமைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். சொந்தத் தங்கை இத்தனை வருஷமாக வாக்கியங்களை எடுத்துத் தந்துகொண்டே இருந்தால், அதில் ஒன்று மட்டும் கேள்வி என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மேலும், அழைப்பு வராத இடத்தில் வந்ததாக நினைத்து ஏமாறுவதைவிட, வந்ததையும் வரவில்லை என்று வைத்துக்கொள்வது சிலருக்குச் சுலபம். உதாரணம் அந்த ரகம். நானும்தான்.

7

அவள் பெண்கள் விடுதி ஒன்றைப் போய்ப் பார்த்தாள். படியேறும்போதே ஃபினாயில் வாசம் வந்தது. ஓர் அறை, அதில் ஏற்கெனவே இரண்டு கட்டில்கள். விடுதிக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு இடைவெளியை அளந்தார்.

“தனி ஆளாம்மா?”

“ஆமாங்க.”

“கவலைய விடு. இது ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணைச் சொருகிடலாம். என்ன, இறங்கும்போது கால்மாட்டு வழியாத்தான் இறங்கணும். சொந்தபந்தம் யாரும் இல்லையா?”

“இருக்காங்க” என்றாள் உதாரணம். அதற்கு மேல் அந்த அம்மா கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். வீடு மாறுகிற நாளும் அதுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுக அழுதுகொண்டே வந்தாள். இதை அழகாகச் சொல்ல நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன், எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அழுதாள், அவ்வளவுதான்.

(சிரிப்புக் கதை என்று ஆரம்பித்தாயே, இது என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், லாரி வரப்போகிறது.)

8

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. பீரோ ஏறியது, சோபா ஏறியது, குளிர்பெட்டி மாப்பிள்ளையின் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டு ஏறியது. தெருவில் மிச்சம் நின்றது ஒரு பழைய இரும்புக் கட்டில். அதன் பக்கத்தில் கைப்பெட்டியோடு உதாரணம்.

லாரிக்காரருக்கு இந்தக் குடும்பத்தின் வழக்கம் ஒன்றும் தெரியாது. அவர் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து வண்டி விளிம்பில் வைத்தார். கால்மாட்டை மாப்பிள்ளை பிடித்தார். பாதி தூக்கியபோது லாரிக்காரர் நிறுத்தினார்.

“ஏம்மா, இந்தக் கட்டில் வண்டியில சேருமா, சேராதா? ஆளாளுக்கு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!”

“ஏத்துங்க” என்றாள் தங்கை.

“வேணாம்” என்றாள் உதாரணம்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. தங்கை திரும்பினாள். அப்போதுதான் கைப்பெட்டி அவள் கண்ணில் பட்டது.

“ஏன் வேணாம்? பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்க போற?”

“ஹாஸ்டல் பாத்துட்டேன். நீங்க சௌகரியமா இருங்க.”

“ஹாஸ்டலா! உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“நீதான் என்னை வான்னு ஒரு வார்த்தை கூப்பிடலையே.”

“கூப்பிடறதா? நீ என்ன விருந்தாளியா? கட்டிலை ஜன்னல் பக்கம் போடவா, சுவர் பக்கம் போடவான்னு உன்கிட்டத்தானே வந்து கேட்டேன்!”

“அது உதாரணம்னு நெனச்சேன். எழுதிக்கிட்டேன்.”

“எழுதிக்கிட்டியா!”

“நானும்தான் கேட்டேன். என்னையும் சேர்த்து எத்தனை பேருன்னு. நீ அஞ்சுன்ன.”

“அது உதாரணம்னு நெனச்சேன்!”

“நான்கூட ஸ்குவீஸ் இன்னுன்னு இங்கிலீஷ் எல்லாம் சொன்னேனே” என்று மாப்பிள்ளை நடுவில் நுழைந்தார். (இப்படிக் கூப்பிடாமல் பேச்சில் தலையைக் கொடுப்பதற்கு ‘பட் இன்’ என்று பெயர்.) “நீங்க சும்மா இருங்க!” என்று அக்காவும் தங்கையும் சேர்ந்தே அவர்மேல் பாய்ந்தார்கள்.

“மூணு பேருக்குத் தாராளம்னு போன்ல சொன்னீங்களே மாப்ள. நான் காதால கேட்டேன்.”

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார், யோசித்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட ராமா! அது இந்த வீட்டுக்கு வாடகைக்கு வர்றவர்கிட்டக்கா. அவங்க மூணு பேரு. நம்ம நாலு பேரு இருந்த வீடுதானேன்னு சொன்னேன்.”

அவர் சொன்னது உண்மையா? எழுதிய எனக்கே நிச்சயமாகத் தெரியாது. ஆனால் மனுஷர் பொய் சொல்லத் தெரிந்தவராக நான் அவரைப் படைக்கவில்லை.

இந்த இடத்தில் உதாரணம் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம், அவள் ரோஷம் அப்படிப்பட்டது. அவள் கைப்பெட்டியைக் கீழே வைத்தாள். தங்கையின் முகத்தை நேரே பார்த்தாள்.

“நானும் வரட்டுமா?”

தங்கை அவள் அருகில் வந்தாள். “இது எழுதறதுக்கா, கேக்கறதுக்கா?”

“கேக்கறதுக்கு” என்றாள் உதாரணம்.

9

இதற்கு மேல் முடிவு எழுத உட்கார்ந்தேன். முதல் முடிவில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து—

வேண்டாம். வீட்டுக்காரருக்குப் பிடித்திருந்தது, அதனாலேயே வேண்டாம்.

இரண்டாவதில் உதாரணம் விடுதிக்கே போனாள். சொந்தக் காலில் நிற்கிறாளே என்று பாராட்டுவார்கள். எழுதிப் படித்தேன். அந்த இரண்டு கட்டில்களுக்கு நடுவே அவள் கால்மாட்டு வழியாக இறங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவதில் புத்தகம் அமோகமாக விற்று—

சேச்சே.

ஆக, தங்கை சொன்ன பதிலை நான் எழுதப் போவதில்லை. அவள் வாய் திறந்தாள், சொன்னாள். உதாரணத்தின் பேனா கைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

நான் மறந்துபோன ஒன்றை லாரிக்காரர்தான் நினைவுபடுத்துகிறார். “சட்டுபுட்டுனு முடிங்கம்மா, கை வலிக்குது!” சண்டைக்கு நடுவே சமாதானம் சொல்லப் போன மாப்பிள்ளை கால்மாட்டை விட்டுவிட்டார். கட்டில் ஒரு பக்கம் லாரியிலும் ஒரு பக்கம் தெருவிலுமாக ஆடுகிறது. அக்காவும் தங்கையும் இருக்கிற இருப்பில் அவர்களைக் கூப்பிட எனக்கு மனசில்லை. வாண்டால் தூக்க முடியாது. எனக்கோ ஒரு கையில் பேனா இருக்கிறது.

நீங்கள்தான் முதலிலிருந்து இங்கேயே நின்று வேடிக்கை பார்க்கிறீர்கள். இந்தாருங்கள், இந்தக் காலை இப்படிப் பிடியுங்கள். கனம்தான், இரும்பு. மேலே ஏற்றுவதானாலும் சரி, கீழே இறக்குவதானாலும் சரி, உங்கள் பாடு. ஆனால் ஒன்று, ஜன்னல் பக்கமா சுவர் பக்கமா என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்தத் தடவை பதில் சொல்வாள்.